பச்சைப் பெட்டியும் ஒரு தேங்காயும்

அந்தப் பச்சைப் பெட்டியை ஒன்றரை வருடம் தினமும் ஈரத்துணியால் துடைத்திருக்கிறேன். உள்ளே என்ன இருக்கிறது என்று யாரையும் கேட்டதில்லை. கேட்கிற வழக்கம் எனக்குக் கிடையாது.

பெசன்ட் நகரில், எங்கள் குப்பத்துக்கு அடுத்த தெருவில், ஒரு பழைய வீட்டின் கீழ்ப்பகுதியில் டைவிங் பள்ளி நடக்கிறது. முதுகில் காற்று டேங்கைக் கட்டிக்கொண்டு கடலுக்கடியில் போய்வரக் கற்றுத்தருகிற இடம். சனி ஞாயிறுகளில் வேளச்சேரி, அடையாறு பக்கமிருந்து கம்ப்யூட்டர் வேலை செய்யும் பிள்ளைகள் வருவார்கள். அவர்கள் கழற்றிப் போடும் ரப்பர் சட்டைகளை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயப்போடுவதும், பெருக்கித் துடைப்பதும் என் வேலை. அதற்கு முன் மீன் விற்றேன். மீன் விற்க வாய் வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் போகிறவர் வருகிறவரையெல்லாம் கூவி இழுப்பார்கள். நான் ஈரச் சாக்கை விலக்கி மீனைக் காட்டிவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வேன். மத்தியானத்துக்குள் மீன் கெட்டுப்போகும். அதனால் என் மகன் வேலை செய்கிற இந்த இடத்துக்கே பெருக்க வந்துவிட்டேன்.

மகன் அங்கே டைவர். வருகிறவர்களைக் கடலுக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கூட்டிக்கொண்டு வருவான். எனக்கு அவன் ஒருத்தன்தான். அவன் அப்பாவும் முங்குகிறவர்தான். துறைமுகப் பக்கம், வாயில் குழாயை வைத்துக்கொண்டு இறங்கி, கப்பல் விசிறியில் சுற்றிக்கொண்ட கயிற்றை அறுத்துவிட்டு வருவார். ஒரு நாள் மேலே வந்தவர் கை குடைகிறது என்றார். சாப்பிட்டுவிட்டுப் படுத்தார். எழுந்தபோது இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லை. கடலுக்குள் எதையோ மிதித்துவிட்டார் என்றார்கள். எண்ணெய் போட்டு நீவினார்கள். இரண்டு வருடம் படுத்த படுக்கையாகக் கிடந்து போனார். அப்போது மகனுக்கு நாலு வயது. அவனும் தண்ணீருக்குள்தான் போவேன் என்று நின்றபோது நான் வேண்டாம் என்று வாய் திறந்து சொல்லவில்லை. இரண்டு நாள் அவனோடு பேசாமல் இருந்தேன். என்னால் முடிந்த சண்டை அவ்வளவுதான். ஆனால் அன்றிலிருந்து அவன் படகு திரும்பும் வரைக்கும் என் கண்ணெல்லாம் அவன் கால்கள் மேல்தான். மணலில் இறங்கி நடக்கிறானா என்று பார்த்த பிறகுதான் துணி அலசப் போவேன்.

பள்ளி நடத்துகிற சார் ஒரு நாள் எல்லோரையும் கூப்பிட்டு, அந்தப் பச்சைப் பெட்டியை எப்படிப் பயன்படுத்துவது என்று ஒருத்தர் விடாமல் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். நான் துடைப்பத்தோடு வெளியே போகப் பார்த்தேன்.

"நீங்களும்தாம்மா. நாங்க எல்லாரும் கடல்ல இருப்போம். கரையில எப்பவும் இருக்கறது நீங்க ஒருத்தர்தான்."

வகுப்பு தி.நகரில், பாண்டி பஜாருக்குப் பின்னால், ஒரு டாக்டரம்மா வீட்டு மாடி ஹாலில் நடந்தது. பேச்சு பாதிக்கு மேல் இங்கிலீஷ். நான் அஞ்சாம் வகுப்பு. மகனுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். டாக்டரம்மா கவனித்துவிட்டு, அதற்கப்புறம் என்னைப் பார்த்தே தமிழில் பேசினார். அது இன்னும் கூச்சமாக இருந்தது.

அவர் ஒரு சோடா பாட்டிலை எடுத்துக் காட்டினார். "மூடியிருக்கறப்ப இதுல குமிழ் தெரியுதா? இல்லல்ல?" என்று கேட்டுவிட்டுச் சட்டென்று திறந்தார். நுரைத்து வழிந்து மேஜையெல்லாம் நனைந்தது. ஆழத்தில் இருக்கும்போது உடம்புக்குள் காற்று இப்படித்தான் கரைந்திருக்குமாம். மெதுவாக மேலே வந்தால் மூச்சு வழியாகப் போய்விடும். அவசரமாக வந்தால், இறங்கி இறங்கி ஏறினால், ரத்தத்துக்குள்ளேயே குமிழ் கட்டும். மூட்டில் நின்றால் குடைச்சல். தோலில் நின்றால் அரிப்பு. முதுகுத்தண்டில் நின்றால் கால் போய்விடும்.

நான் வழிந்த சோடாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பது வருடம் கழித்து, தி.நகரில் ஒரு மாடியில், என் வீட்டுக்காரருக்கு என்ன ஆயிற்று என்று ஒருவர் சொல்கிறார். முன்னால் உட்கார்ந்திருந்த மகன் திரும்பவில்லை. பின்கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தான்.

அதற்குப் பிறகு பெட்டியைத் திறந்தார்கள். சுத்தமான ஆக்ஸிஜனை மூச்சாக இழுத்தால் அந்தக் குமிழ் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையுமாம். உள்ளே ஒரு சிறிய ஆக்ஸிஜன் சிலிண்டர், முள் காட்டுகிற மீட்டர், பை தொங்குகிற மாஸ்க். எண்ணெய்க் கையோடு தொடக்கூடாது, ஆக்ஸிஜனும் எண்ணெயும் சேர்ந்தால் தீப்பிடிக்கும். டாக்டரம்மா என் தலையைப் பார்த்தார். வழிய வழியத் தேங்காயெண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தேன். ஓரமாகப் போய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வந்தேன். திருகை மெதுவாகத் திறக்க வேண்டும். பை உப்பிய பிறகுதான் முகத்தில் வைக்க வேண்டும். பக்கத்தில் நெருப்பே கூடாது. சிகரெட், விளக்கு, எதுவும். இவையெல்லாம் எனக்குக் கஷ்டமாக இல்லை. கேஸ் அடுப்புப் பற்றவைக்கிற பயம் இருந்தால் போதும்.

கஷ்டம் வேறே ஒன்றில் வந்தது. மாஸ்க் வைப்பதற்கு முன்னால் படுத்திருப்பவரிடம் வாய்விட்டுக் கேட்க வேண்டுமாம். "இது ஆக்ஸிஜன். உங்களுக்கு நல்லது செய்யும். கொடுக்கலாமா?" என்று. மேஜை மேல் இடுப்புக்குக் கீழே இல்லாத ரப்பர் பொம்மை ஒன்று படுத்திருந்தது. ஒவ்வொருவராகப் போய்க் கேட்டார்கள். என் முறை வந்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"பொம்மைகிட்டக் கூட வெட்கமாம்மா?" என்றார் டாக்டரம்மா.

"மேடம், எங்கம்மா மீன் வித்தப்பவே பேசாது. மீனுதான் வாயைத் தொறந்துக்கினு கெடக்கும்" என்றான் மகன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்போடு கேட்டுவிட்டேன். பொம்மையை "ஐயா" என்று கூப்பிட்டேன் என்று பிறகு சொன்னார்கள்.

கடைசியாக டாக்டரம்மா சொன்னது இது. "கொஞ்ச நேரத்துல வலி குறையும். எனக்குச் சரியாப் போச்சு, கழட்டுங்கன்னு சொல்வாங்க. எல்லாருமே சொல்வாங்க. நம்பவே கூடாது. குமிழ் உள்ள இருக்கும். ஆஸ்பத்திரி ஆளு கைல ஒப்படைக்கிற வரைக்கும் எடுக்கக் கூடாது. நீங்க பிடிவாதமா நிக்கணும்."

மற்றதெல்லாம் கையால் செய்கிற வேலை. இந்த ஒன்று வாயால் செய்கிற வேலை என்று எனக்கு அன்றே தெரிந்தது.

பஸ்ஸில் சைதாப்பேட்டை வரை மகன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். பிறகு, "நைனாவுக்கு ஆனதும் அதாம்மா" என்றான். நான் தலையாட்டினேன்.

அதன் பிறகு படகு போகிற நாளில் தலைக்கு எண்ணெய் வைப்பதை விட்டேன். என் நாத்தனார், வீட்டுக்காரரின் அக்கா, எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி இருக்கிறவர், பார்த்துவிட்டுச் சிரித்தார். "இன்னாமே, தலை பரட்டையா கீது? வயசு போன காலத்துல ஷாம்பூவா?" எண்ணெயும் அந்தக் காற்றும் சேரக்கூடாது என்றேன். "காத்துல இன்னாமே எண்ணெயும் தண்ணியும்" என்று போய்விட்டார். நல்ல மனுஷி. நான் வேலைக்குப் போன வருடங்களில் என் மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு அலைந்தவர் அவர்தான். அவர் பேச்சுக்கு நான் எதிர்ப்பேச்சு பேசியதில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்தே அப்படித்தான்.

மழைக்காலம் முடிகிற சமயம். முந்தின நாள் நல்ல மழை, அன்று வெயில். சார் காலிச் சிலிண்டர்களை எடுத்துக்கொண்டு வேளச்சேரிப் பக்கம் போயிருந்தார். மகன் படகுக்காரரோடு கடலுக்குப் போனான். கற்றுக்கொள்ள வந்தவர்கள் யாரும் இல்லை. பாறையில் மாட்டிக்கொண்ட நங்கூரத்தை எடுக்கிற வேலை. ஒரே தடவையில் வரவில்லையாம். நாலு தரம் இறங்கி ஏறியிருக்கிறான். கடைசித் தரம் நங்கூரம் விடுபட்ட வேகத்தில் கயிறு இவனையும் சேர்த்து மேலே இழுத்துவிட்டது.

மணலில் இறங்கி நடந்துதான் வந்தான். நான் பார்த்தேன், சரியாகத்தான் நடந்தான். நான் துணி அலசுகிற தொட்டிப் பக்கம் திரும்பினேன். உள்ளே வந்து படியில் உட்கார்ந்தவன் வயிற்றைச் சொறிந்துகொண்டே இருந்தான்.

"தோள்பட்டை குடையுதும்மா. கயித்தை இழுத்தேனே, அதான்."

"கால்?"

"கால்ல இன்னா? லேசா மரத்தாப்புல கீது. உக்காந்துக்கினே இருந்தனே."

படகுக்காரர் சாருக்குப் போன் போட்டார். சார் என்னிடம் கொடுக்கச் சொன்னார். "அம்மா, உடனே படுக்க வச்சு ஆக்ஸிஜன் போடுங்க. நான் ஆம்புலன்ஸுக்குச் சொல்லிடறேன். இங்க ரோடெல்லாம் தண்ணி, நான் வர லேட் ஆகும். ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் கழட்டாதீங்க."

கையைக் கழுவினேன். பெட்டியைத் திறந்தேன். எதையும் மறக்கவில்லை. அதை இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன், ஒன்றைக்கூட மறக்கவில்லை. திருகைத் திறந்தேன். முள் நிறைய இருப்பதாகக் காட்டியது. பை உப்பியது. மகன் தரையில் மல்லாந்து படுத்திருந்தான்.

"இது ஆக்ஸிஜன். உனக்கு நல்லது செய்யும். குடுக்கட்டுமா?"

"யம்மா, எங்கிட்டயே கேக்குறியா?"

"கேக்கணும்னு சொன்னாங்க."

"குடு குடு" என்று சிரித்தான்.

மாஸ்க்கை வைத்து வாரை இழுத்துவிட்டேன். அவன் மூச்சு விட விடப் பை சுருங்கி விரிந்தது. அவன் பாதத்தைத் தொட்டுத் தொட்டுக் கேட்டேன். தெரிகிறது என்று கட்டைவிரலை ஆட்டிக் காட்டினான். சுவரில் கடிகாரம் இருந்தது. கால்மணி நேரம் போனது. தோள் வலி குறைகிறது என்று கையால் சைகை செய்தான். ரொம்ப நாளைக்குப் பிறகு நெஞ்சு லேசானது.

படகுக்காரர் தெருமுனையில் ஆம்புலன்ஸுக்கு வழி காட்ட நிற்கிறேன் என்று போனவர், போகிற வழியில் குப்பத்தில் விஷயத்தைச் சொல்லிவிட்டார். என் நாத்தனார் வந்தார். கையில் தேங்காய், அதன் குடுமிப் பக்கம் கற்பூரம். கடலில் அடிபட்டு வந்தவனுக்குத் தேங்காயில் கற்பூரம் ஏற்றி மூன்று சுற்றுச் சுற்றி, அவனை மூன்று தரம் துப்பச் சொல்லி, தெருவில் சிதற உடைப்பது எங்களில் வழக்கம். அது செய்யாமல் யாரையும் ஆஸ்பத்திரிக்கு ஏற்றமாட்டார்கள்.

"என் தம்பியை இப்பிடித்தான் போட்டு வச்சிருந்தானுங்க" என்று வாசலிலேயே அழுதுவிட்டார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். "இன்னாமே இது, மூஞ்சில கட்டி வச்சிக்கினு? எடு. புள்ள துப்பணும்."

"அண்ணி, நெருப்பு கிட்ட வரக்கூடாது. பத்திக்கும்."

நான் சொன்னது எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அவர் தீப்பெட்டியை எடுத்தார். நான் கையை நீட்டி மறித்தேன்.

"பத்திக்குமா? அப்ப அத்த நிறுத்து. வெளிய கொண்டு வை. ஒரு நிமிஷம்மே. திருஷ்டி கழியாத உடம்புல எந்த மருந்து ஏறும்? என் தம்பிக்குச் சுத்தறப்போ நேரம் தாண்டிப்போச்சு. அதான் போனான். இவனுக்கும் தாண்டணுமா?"

அறுபது தாண்டியவள் நான். அந்த ஒரு நிமிஷம் நான் என்ன நினைத்தேன் என்று எத்தனையோ தரம் யோசித்துப் பார்த்துவிட்டேன். நெருப்பு வந்துவிட்டது, நெருப்பும் ஆக்ஸிஜனும் ஒன்றாக இருக்கக் கூடாது, இரண்டில் ஒன்றை வெளியே அனுப்ப வேண்டும். நெருப்பைப் பிடித்திருந்தது என் நாத்தனார். ஆக்ஸிஜனைப் பிடித்திருந்தது நான். அதனால் ஆக்ஸிஜன் போனது. மாஸ்க்கைக் கழற்றினேன். திருகை மூடினேன். சொல்லிக்கொடுத்தபடியே மெதுவாக மூடினேன். பெட்டியைத் தூக்கிப் பின்கட்டில் வைத்தேன்.

சுற்றினார். மகன் தலையைத் தூக்கி மூன்று தரம் துப்பினான். தேங்காய் தெருவில் உடைந்த சத்தம் கேட்டது. நாத்தனார் திரும்பி வருவதற்குள் அவன் எழுந்து உட்கார்ந்துவிட்டான்.

"வலியே இல்ல அத்தே. சரியாப் போச்சு."

"பாத்தியாமே?" என்று என்னைப் பார்த்தார். முகமெல்லாம் வியர்வை, சிரிப்பு. "காத்தா குடுக்குறா காத்து."

பின்கட்டிலிருந்து பெட்டியை எடுத்து வந்தேன். மாஸ்க் என் கையில் இருந்தது. எல்லாருமே சொல்வாங்க, நம்பவே கூடாது. அந்தக் குரல் காதுக்குள் கேட்டது. "திரும்பப் படு" என்றேன்.

"யம்மா, மூஞ்சில ரப்பர் நாத்தம். ஆம்புலன்ஸு வரட்டும், அவங்க இன்னா சொல்றாங்களோ பாக்கலாம்."

"வுடேன்மே, புள்ள கொஞ்சம் மூச்சு வாங்கட்டும்" என்றார் நாத்தனார்.

இன்னொரு தரம் சொல்லியிருக்கலாம். கத்தியிருக்கலாம். மீன் சந்தையில் மற்றவர்கள் கத்துகிற மாதிரி ஒரு தரம். நான் மாஸ்க்கை முந்தானையால் துடைத்துக்கொண்டு நின்றேன். அவன் தண்ணீர் குடித்தான். அத்தையோடு பேசிக்கொண்டிருந்தான். கடிகாரத்தில் அரைமணி நேரம் போனது. ஆம்புலன்ஸ் சத்தம் தெருவில் கேட்டதும் எழுந்தான். வாசற்படி வரை நடந்தான். அங்கே அவன் இடது கால் மடிந்தது. பிறகு வலது. ஈரச் சட்டை கொடியிலிருந்து வழுக்கி விழுகிற மாதிரி, சத்தமில்லாமல் விழுந்தான். ஆம்புலன்ஸில் வந்தவர்கள் அவர்களுடைய ஆக்ஸிஜனைப் போட்டார்கள். நான் கொடுத்தது வெறும் கால்மணி நேரம்.

ஆஸ்பத்திரியில் பெரிய இரும்புக் குழாய் போன்ற அறைக்குள் வைத்து அழுத்தம் கொடுத்தார்கள். அதற்கு முன்னால் அங்கே இருந்த டாக்டர் கேட்டார், "ஆக்ஸிஜன் தொடர்ந்து கொடுத்தீங்களா? நடுவுல எடுத்தீங்களா?"

நாத்தனார் என் முழங்கையைப் பிடித்திருந்தார். ஸ்ட்ரெச்சரில் கிடந்த மகன் சொன்னான். "நான்தான் சார் கழட்டினேன். சரியாப் போச்சுன்னு நெனச்சேன்."

டாக்டர் எழுதிக்கொண்டார். நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

சில நாள் கழித்து சார் பெட்டியை, வேறு சிலிண்டர் மாற்றுவதற்காக எடுத்தார். மீட்டர் முள்ளைப் பார்த்தார். "முக்கால் சிலிண்டர் அப்படியே இருக்கேம்மா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவர் கோபப்பட்டிருந்தால் தேவலை என்று இருந்தது.

அந்த இரும்பு அறைக்குள் பல நாள் போய் வந்தான். வலது காலில் உணர்ச்சி திரும்பியது. இடது கால் முட்டிக்குக் கீழே திரும்பவில்லை. டாக்டரம்மா பார்க்க வந்தபோது, தொடர்ந்து கொடுத்திருந்தால் கால் பிழைத்திருக்குமா என்று கேட்டேன். அவரிடம் நானாகக் கேட்ட முதல் கேள்வி அது. "பிழைச்சிருக்கலாம். பிழைக்காமலும் போயிருக்கலாம். யாராலும் உறுதியாச் சொல்ல முடியாதும்மா" என்றார். ஆறுதலுக்குச் சொன்னாரா, உண்மையா தெரியவில்லை. உண்மையாகத்தான் இருக்க வேண்டும். ஆறுதலாக இருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இப்போது அவன் இரும்புச் சட்டம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நடக்கிறான். கடல் பக்கம் ஜன்னல் இருக்கிறது, அதைப் பார்த்து உட்காருவதில்லை. என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

கேட்டது நாத்தனார்தான். போன மாதம் ஒரு மத்தியானம் வந்தார். கொஞ்ச நாளாகவே அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று அவர் மருமகள் சொல்லியிருந்தாள். கதவோரம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். மகன் உள்ளே படுத்திருந்தான்.

"படகுக்காரன் சொன்னான்மே. அந்தக் காத்தை நிறுத்தாம இருந்திருந்தா கால் நின்னிருக்குமாமே. மெய்யா?"

நான் அவருக்குக் குடிக்கத் தண்ணீர் மொண்டு வைத்தேன்.

"நான் ஒருத்தி வந்து கெடுத்தேனா? தூக்கி வளத்த புள்ளமே. சொல்லு. நீ அத்தப் படிச்சவதானே."

படித்தவள்தான். தி.நகர் மாடியில் ஒரு நாள் முழுக்கப் படித்தேன். இல்லை அண்ணி என்று சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது. ஆமாம் என்று சொல்லவும் வந்தது. அவர் கண் பூத்துப்போய் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. அவருக்குத் தெரியாது. யாரும் அவருக்குச் சோடா பாட்டிலைத் திறந்து காட்டவில்லை. எனக்குத் தெரியும்.

"உங்களுக்குத் தெரியாது அண்ணி" என்றேன். "எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் மூடினேன். உங்களை எதுத்துப் பேசக் கூச்சமா இருந்திச்சு. அதுக்காவ மூடினேன்."

சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. உள்ளே கட்டில் கிரீச்சென்றது. நாத்தனார் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து மகன் கூப்பிட்டான்.

"யம்மா. வந்து காலைத் திருப்பி வை. ஒரே பக்கமா கெடந்து மத்த கால் வலிக்குது."

நான் எழுந்தேன். முட்டியைப் பிடித்துக்கொண்டு நாத்தனாரும் எழுந்தார். அவர் பாதத்தைத் தாங்கிக்கொள்ள, நான் முட்டிக்குக் கீழே கை கொடுத்துத் திருப்பினேன். கனமாக இருந்தது. மகன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீ சொன்னது கேட்டுச்சு" என்றான்.